ஆர்கானிக் பிஸ்கட்டும் பிஸ்கட்தான்

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜொனாதன் ஷுல்ட், நார்பர்ட் ஷ்வார்ஸ் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களிடம் ஓரியோ பிஸ்கட்டைப் பற்றிக் கருத்துக் கேட்டார்கள். பாதிப் பேருக்குச் சாதாரண ஓரியோவின் விவரம் தரப்பட்டது. மீதிப் பேருக்கு, ஆர்கானிக் மாவும் ஆர்கானிக் சர்க்கரையும் போட்டுச் செய்த ஓரியோ என்று சொல்லப்பட்டது. இரண்டாவது கூட்டத்தார், தங்கள் பிஸ்கட்டில் கலோரி குறைவு என்றும், அதை அடிக்கடி தின்னலாம் என்றும் பதில் எழுதினார்கள். அடுத்த சோதனை இன்னும் வேடிக்கையானது. எடை குறைக்க விரும்பும் ஒரு பெண் இன்று உடற்பயிற்சிக்குப் போகாமல் இருக்கலாமா என்று கேட்டார்கள். அவள் சாப்பிட்டது ஆர்கானிக் இனிப்பு என்று தெரிந்தால், பரவாயில்லை, போகாவிட்டால் என்ன என்று சலுகை கொடுத்தார்கள். 2010இல் இந்த ஆய்வு வெளிவந்தது.

கரும்புக்கு என்ன உரம் போட்டார்கள் என்பதற்கும் சர்க்கரையின் கலோரிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அந்த மாணவர்களுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. ஆனாலும் ஒரு நல்ல சொல் பொட்டலத்தின் மேல் ஏறிவிட்டால், அது சொல்லாத நன்மைகளையும் சேர்த்துப் படித்துக்கொள்கிறோம். நம் ஊர் இயற்கை அங்காடிகளில் கருப்பட்டி மைசூர்பாகு, சிறுதானிய முறுக்கு, நாட்டுச் சர்க்கரை சாக்லேட், ‘மைதா இல்லை, வெள்ளைச் சர்க்கரை இல்லை’ என்று பெருமையாக எழுதிய கேக் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. இனிப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் எழுதிக் கொடுத்தவர்களும் அங்கே தாராளமாகக் கை நீட்டுகிறார்கள்.

‘இது எப்படி விளைந்தது?’ என்பது ஒரு கேள்வி. ‘இதைத் தின்றால் என் உடம்புக்கு என்ன ஆகும்?’ என்பது வேறொரு கேள்வி. ஆர்கானிக் முத்திரை முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. நாம் காசு கொடுப்பதோ இரண்டாவது கேள்விக்கான பதிலுக்கு.

முத்திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். ஏற்றுமதிக்காக 2001இல் ஒன்றிய வணிக அமைச்சகம் தொடங்கிய இயற்கை உற்பத்திக்கான தேசியத் திட்டம் ஒன்று இருக்கிறது. விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் சான்று கொடுக்கும் பி.ஜி.எஸ். முறை இன்னொன்று. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017இல் வகுத்த விதிகளின்படி, இந்த இரண்டில் ஒரு சான்றாவது இருந்தால்தான் பொட்டலத்தில் ‘ஆர்கானிக்’ என்று போடலாம். கூடவே ‘ஜைவிக் பாரத்’ சின்னத்தையும் அந்த விதிகள் கேட்டன. தமிழ்நாட்டில் சான்று வழங்கும் அரசுத் துறை கோயம்புத்தூரில் இயங்குகிறது. ரசாயன உரத்தை இன்று நிறுத்தினால் நாளைக்கே சான்று கிடைத்துவிடாது. நெல், காய்கறி போன்ற பருவப் பயிருக்கு 2 ஆண்டும், மா, தென்னை போன்ற நீண்ட காலப் பயிருக்கு 3 ஆண்டும் நிலம் மாறக் காத்திருக்க வேண்டும். ஆய்வாளர் வந்து பதிவேட்டைப் பார்ப்பார், இடுபொருள் ரசீதைப் பார்ப்பார், பக்கத்து வயலின் மருந்து இங்கே அடிக்காமல் இருக்க வரப்போரம் தடுப்புப் பயிர் இருக்கிறதா என்று பார்ப்பார். எல்லாம் வயலைப் பற்றிய விசாரணை. அங்கே விளைந்த கரும்பு பானகம் ஆகிறதா, குலாப் ஜாமூன் ஆகிறதா என்பது அவர் வேலை இல்லை.

இந்த இயக்கத்தின் தொடக்கமும் வயல்தான். மத்திய இந்தியாவின் இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்டு என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர், நம் விவசாயிகளிடம் கற்றுக்கொண்டதையும் சேர்த்து மட்கு உரம் தயாரிக்கும் முறையை வகுத்து, 1940இல் நூலாக எழுதினார். நமக்கு நம்மாழ்வார். கோவில்பட்டி அரசு ஆராய்ச்சிப் பண்ணை வேலையை உதறிவிட்டு வந்த அவர், 2013இல் மறையும்வரை ஊர் ஊராக நடந்து பேசியது பெரும்பாலும் மண்ணைப் பற்றி, விதையைப் பற்றி, கடனில் மூழ்கும் விவசாயியைப் பற்றி. உடல்நலமும் அதில் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அவர் பெயரைச் சொல்லித் தேன்மிட்டாய் விற்பதை அவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கலாம்.

அப்படியானால் ஆர்கானிக் உணவால் உடம்புக்குப் பயனே இல்லையா? அவசரப்பட வேண்டாம். இங்கே ஓர் அழகான சோதனை இருக்கிறது.

எமரி பல்கலைக்கழகத்தின் சென்ஷெங் லூவும் அவரது குழுவினரும் சியாட்டில் பகுதியில் 3 வயது முதல் 11 வயது வரையான 23 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் 3 நாள் வழக்கமான சாப்பாடு. அடுத்த 5 நாள், பழம், காய், பழச்சாறு, கோதுமை, மக்காச்சோளப் பண்டங்கள் எல்லாவற்றையும் அதே வகை ஆர்கானிக் பொருளாக மாற்றிக் கொடுத்தார்கள். பிறகு ஒரு வாரம் பழைய சாப்பாடு. காலையும் இரவும் சிறுநீரைப் பிடித்து, மாலத்தியான், குளோர்பைரிபாஸ் ஆகிய பூச்சிமருந்துகள் உடம்புக்குள் சிதைந்து வெளிவரும் துணுக்குகளைத் தேடினார்கள். ஆர்கானிக் சாப்பாட்டுக்கு மாறிய உடனே பெரும்பாலான குழந்தைகளிடம் அந்தத் துணுக்குகள் கருவிக்கு எட்டாத அளவுக்கு இறங்கிவிட்டன. பழைய சாப்பாடு திரும்பியதும் அவையும் திரும்பிவந்தன. 2006இல் வெளியான முடிவு இது. உடம்பு அந்த வகை மருந்துகளை எவ்வளவு வேகமாகச் சிதைத்து வெளியேற்றுகிறது என்பதையும், தினமும் எவ்வளவு சீராக நாம் அதை மறுபடி ஊட்டிக்கொண்டே இருக்கிறோம் என்பதையும் ஒரே வரைபடத்தில் காட்டிவிட்டார்கள்.

எச்சம் குறைகிறது என்பதில் சந்தேகம் இல்லை. 2012இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் அதுவரை வந்த 237 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் படித்தபோது, சாதாரணக் காய்கனி மாதிரிகளில் 38 சதவீதத்தில் பூச்சிமருந்து எச்சம் தென்பட்டது, ஆர்கானிக்கில் 7 சதவீதத்தில். ஏழு ஏன், பூஜ்யம் இல்லையா என்று கேட்கலாம். காற்றும் தண்ணீரும் வரப்பு பார்த்து நிற்பதில்லை. இடையில் கலப்பவர்களும் உண்டு. அதோடு ஆர்கானிக் முறையிலும் மருந்து உண்டு: வேம்பு, சாமந்தி இனத்துப் பூவிலிருந்து எடுக்கும் பைரித்ரம், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை. மயில்துத்தத்தின் தாமிரம் மண்ணில் தங்கிச் சேரக்கூடியது. செடியிலிருந்தோ பாறையிலிருந்தோ வந்தது என்பதாலேயே ஒரு பொருள் சாதுவாகிவிடுவதில்லை.

சத்து விஷயத்தில் ஸ்டான்ஃபோர்டு குழு, வைட்டமின்களில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்றது. 2014இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகம் தலைமையில் 343 ஆய்வுகளைத் தொகுத்தவர்கள், ஆர்கானிக் பயிரில் பாலிபீனால் வகைகள் கூடுதல், காட்மியம் என்ற நச்சு உலோகம் ஏறக்குறைய பாதி என்றார்கள். சரி, நோய்? அங்கேதான் சிக்கல். 2018இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வு ஏறத்தாழ 69,000 பேரைப் பின்தொடர்ந்து, ஆர்கானிக் அதிகம் உண்டவர்களுக்குப் புற்றுநோய் 25 சதவீதம் குறைவு என்றது. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. அதற்கு 4 ஆண்டு முன்பே பிரிட்டனில் 6,23,080 பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தவர்கள், மொத்தப் புற்றுநோயில் குறைவு எதுவும் தெரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். அதைப் பற்றி அங்காடிச் சுவரில் யாரும் ஒட்டவில்லை. ஆர்கானிக் வாங்குபவர்கள் பொதுவாக வசதியானவர்கள், புகை குறைவாகப் பிடிப்பவர்கள், காய்கறி நிறையச் சாப்பிடுபவர்கள். நன்மை எதிலிருந்து வந்தது என்று பிரித்தெடுப்பது லேசான காரியம் இல்லை.

எனக்கு உறுதியாகத் தெரிகிற நன்மை வேறொருவருக்கு. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாள் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகளும் கூலியாட்களும் 20 பேர் அளவில் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் கிடந்தார்கள். தட்டில் வரும் எச்சம் மைக்ரோகிராம் கணக்கு. முதுகில் தெளிப்பானைச் சுமந்து, முகமூடி இல்லாமல், காற்றுக்கு எதிரே நடப்பவருக்குக் கிடைப்பது அதைவிடப் பல மடங்கு. ஆர்கானிக் வாங்குவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது. ஆனால் எந்தப் பொட்டலமும் இந்தக் காரணத்தைச் சொல்லி விற்பதில்லை.

இனி, முத்திரை பதில் சொல்லாத இன்னொரு பக்கம். நெல்லின் வேரைப் பார்ப்போம்.

நெற்பயிருக்கு சிலிக்கான் நிறைய வேண்டும். இலை ஓரம் கையைக் கிழிப்பதும், தாள் நிமிர்ந்து நிற்பதும், உமி அவ்வளவு கரடாக இருப்பதும் அதனால்தான். மண்ணில் கரைந்திருக்கும் சிலிசிக் அமிலத்தை உள்ளே இழுக்க, வேரின் செல்களில் தனி வாசல்கள் உண்டு. வயலில் தண்ணீர் கட்டினால் மண்ணில் காற்று அற்றுப்போகிறது. காற்றற்ற மண்ணில் ஆர்சனிக் வேறு உருவெடுத்து, ஆர்சனைட்டாக மாறித் தண்ணீரில் கரைகிறது. அந்த ஆர்சனைட்டின் அளவும் வடிவமும் சிலிசிக் அமிலத்தைப் போலவே இருக்கின்றன. வாசலுக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை, இரண்டையும் விடுகிறது. 2008இல் ஜப்பானில் பணிபுரிந்த விஞ்ஞானி மா ஜியான் ஃபெங்கின் குழு இதைக் கண்டுபிடித்தது. தானியங்களில் நெல் மட்டும் ஏன் இவ்வளவு ஆர்சனிக்கைச் சேர்க்கிறது என்பதற்கு விடை அந்த வேர்வாசலில் இருந்தது.

உள்ளே போன ஆர்சனிக் அதிகம் தங்குவது தவிட்டில். ஆகவே தீட்டாத அரிசியில் வெள்ளை அரிசியைவிட அது கூடுதல். மண்ணிலும் நிலத்தடி நீரிலும் இயல்பாகவே இருக்கும் பொருள் என்பதால் ரசாயன உரம் போடாததால் அது குறையப் போவதில்லை. 2012இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் பிரையன் ஜாக்சன் குழுவினர் குழந்தைகளுக்கான பால்மாவுகளைச் சோதித்தார்கள். சோளப் பாகு கூடாது, ஆரோக்கியமாக இருக்கட்டும் என்று ஆர்கானிக் பழுப்பரிசிப் பாகு சேர்த்த ஒரு மாவில், அந்நாட்டின் குடிநீர் வரம்பைப்போல 6 மடங்கு வரை ஆர்சனிக் இருந்தது. அந்தப் பாகு விதிப்படி ஆர்கானிக்தான். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. முத்திரையும் பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்கப்பட்ட கேள்வி வேறு, அவ்வளவுதான்.

பழுப்பரிசியை விட்டுவிடச் சொல்ல இதை எழுதவில்லை. நார்ச்சத்தும் பி வைட்டமின்களும் தவிட்டில்தான் இருக்கின்றன. ஆர்சனிக் தண்ணீர் அதிகமுள்ள வங்காளக் கழிமுகம் போன்ற இடங்களில்தான் கவலை பெரிது. ஆனால் ஒரு தகவல் சுவாரசியமானது. நிறையத் தண்ணீர் வைத்து வேகவிட்டுக் கஞ்சியை வடித்தால் அரிசியின் ஆர்சனிக்கில் கணிசமான பங்கு வடிநீரோடு போய்விடுகிறது. குக்கரில் வைத்தால் போகாது. வடித்த சோறு சாப்பிட்ட நம் பாட்டிகளுக்கு ஆர்சனிக் தெரியாது. கஞ்சியோடு பி வைட்டமினும் போகிறது என்பதும் தெரியாது. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம். ‘முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை’ என்று வாட்ஸ்அப்பில் வரும்போது இரண்டாவது பாதி விடுபட்டிருக்கும்.

கிருமிகளும் இப்படித்தான். 2011 மே மாதம் ஜெர்மனியின் வடபகுதியில் திடீரென்று ரத்தப்போக்கும் சிறுநீரகச் செயலிழப்புமாக மக்கள் விழுந்தார்கள். முதலில் ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காய் மேல் பழி போட்டார்கள். அங்கே விவசாயிகளுக்குப் பெரும் நட்டம். கடைசியில் விசாரணை போய் நின்றது லோயர் சாக்சனி மாநிலத்தில் ஓர் ஆர்கானிக் பண்ணையில். அங்கே முளைகட்டி விற்ற வெந்தயம் எகிப்திலிருந்து வந்த விதை, அதில் ஈ. கோலை என்ற கிருமியின் கொடிய வகை ஒன்று. ஏறக்குறைய 4,000 பேர் நோயுற்றார்கள், 50 பேருக்கு மேல் இறந்தார்கள். முளைகட்டும் ஈரமும் இளஞ்சூடும் விதைக்கு எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு கிருமிக்கும் பிடிக்கும். முளைப்பயறை ஆவி காட்டிச் சாப்பிடுங்கள் என்பதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது தமிழ்நாட்டின் பெரிய நம்பிக்கைக்கு வருகிறேன்: வெள்ளைச் சர்க்கரை விஷம், நாட்டுச் சர்க்கரை மருந்து.

வெள்ளைச் சர்க்கரை ஏறக்குறைய முழுக்கச் சுக்ரோஸ். வெல்லத்திலும் நாட்டுச் சர்க்கரையிலும் பெரும்பங்கு அதே சுக்ரோஸ்தான். ஒரு சிறு பங்கு குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் முன்பே உடைந்து கிடக்கும். மீதி ஈரம், தாது உப்புகள், கரும்புச்சாற்றின் நிறமிகள். சுக்ரோஸ் சிறுகுடலுக்குப் போனதும் குடற்சுவரில் காத்திருக்கும் ஒரு நொதி அதைக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டாக வெட்டுகிறது. வெட்டியபின் ரத்தத்தில் ஏறும் குளுக்கோஸ் சர்க்கரை ஆலையிலிருந்து வந்ததா, கொப்பரையில் காய்ச்சியதா, உடன்குடிப் பனையிலிருந்து இறங்கியதா என்று கணையத்துக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. வெல்லத்தின் கலோரி சற்றே குறைவாக இருப்பதற்குப் பெரிய காரணம் அதிலுள்ள ஈரம்.

‘இரும்புச்சத்து இருக்கிறதே’ என்பார்கள். இருக்கிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுப் பட்டியலின்படி 100 கிராம் கரும்பு வெல்லத்தில் 4.6 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு. காப்பிக்குப் போடும் ஒரு ஸ்பூனை 5 கிராம் என்று வைத்தால் 0.23 மில்லிகிராம். வயதுவந்த பெண் ஒருவருக்கு நாளொன்றுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைப்பது 29 மில்லிகிராம். நாட்டுச் சர்க்கரையை நம்பி அந்தக் கணக்கை எட்ட ஒரு நாளைக்கு 600 கிராமுக்கு மேல் தின்ன வேண்டும். 100 கிராம் கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது, கூடவே நாரும் புரதமும். ரத்தசோகைக்குக் கம்பங்கூழையும் கீரையையும் சொல்லாமல் கடலைமிட்டாயைச் சொல்லும் அறிவுரைகளைக் கேட்டால் எரிச்சல்தான் வருகிறது. (கடலைமிட்டாயில் கடலை இருக்கிறது என்ற அளவில் அது பல இனிப்புகளைவிட மேல், ஒப்புக்கொள்கிறேன்.)

உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன வரம்பு, சேர்க்கும் சர்க்கரையோடு தேன், பாகு, பழச்சாற்றிலுள்ள சர்க்கரையையும் ஒரே கணக்கில் எழுதுகிறது. நாள் உணவின் ஆற்றலில் 10 சதவீதத்துக்குள்; முடிந்தால் 5 சதவீதத்துக்குள், அதாவது ஏறக்குறைய 25 கிராம். நாட்டுச் சர்க்கரைக்கென்று தனிச் சலுகை கிடையாது.

இதில் இன்னொரு கொடுமை. மஞ்சள் பளபளப்பாக இருந்தால்தான் வெல்லம் விற்கிறது என்பதால் காய்ச்சும்போது ஹைட்ரோஸ் என்கிற சோடியம் ஹைட்ரோசல்பைட் போட்டு வெளுக்கிறார்கள். வெல்லத்தில் சல்பர் டை ஆக்சைடு 70 பி.பி.எம்.முக்கு மேல் போகக்கூடாது என்று சட்டம் வரம்பு வைத்திருப்பதே இதனால்தான். சேலம் மாவட்ட ஆலைகளில் வெல்லத்தில் கலக்க வைத்திருந்த வெள்ளைச் சர்க்கரை மூட்டைகளை அதிகாரிகள் பலமுறை பறிமுதல் செய்திருக்கிறார்கள். வெள்ளைச் சர்க்கரைக்குப் பயந்து ஓடுபவர் கூடுதல் விலை கொடுத்து அதையே வாங்கி வருகிறார். தேனும் தப்பவில்லை: 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், 13 நிறுவனங்களின் தேனை ஜெர்மனியில் சோதித்துப் பார்த்ததில் 3 நிறுவனங்கள்தான் தேறின.

கருப்பட்டிக் காப்பியின் மணத்துக்காகக் கருப்பட்டி வாங்குங்கள். சர்க்கரைப் பொங்கலுக்கு அச்சு வெல்லத்தைத் தவிர வேறெதுவும் சரிப்படாது. ருசி ஒரு முழுக் காரணம். அதற்கு மருத்துவச் சான்றிதழ் எதற்கு?

அடுத்தது செக்கு எண்ணெய். அதன் கதை 1960இல் இங்கிலாந்தில் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. கல்லீரல் அழுகியிருந்தது. நோய்க்குப் பெயர்கூட வைக்க முடியாமல் ‘வான்கோழி எக்ஸ்’ என்றார்கள். பிரேசிலிலிருந்து தீவனத்துக்கு வந்த கடலைப் புண்ணாக்கில் முடிச்சு அவிழ்ந்தது. அதில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை வளர்ந்து ஒரு நஞ்சை விட்டிருந்தது. அந்தப் பூஞ்சையின் பெயரைச் சுருக்கி அதற்கு அஃப்ளடாக்சின் என்று பெயரிட்டார்கள். புற ஊதா ஒளியில் வைத்தால் ஒரு வகை நீலமாகவும் இன்னொரு வகை பச்சையாகவும் ஒளிரும்; கல்லீரல் புற்றுநோய்க்கு நிச்சயமான காரணி. நமக்கு இது தூரத்துக் கதையும் இல்லை. 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பழங்குடிக் கிராமங்களில் மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தக் கிராமத்து நாய்களும் செத்தன. அந்த நஞ்சு எந்தத் தொழிற்சாலையிலிருந்தும் வரவில்லை.

கடலையில் இந்த நஞ்சு இருந்தால், ஆட்டும்போது பெரும்பகுதி புண்ணாக்கோடு போகிறது, ஒரு பகுதி எண்ணெயில் கலங்கலாக மிதக்கும் துகள்களோடு வருகிறது. சுத்திகரிப்பு ஆலையில் காரம் சேர்க்கும்போது நஞ்சின் மூலக்கூறு உடைகிறது. பிறகு வெளுப்பு மண் மிச்சத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ‘எதையும் நீக்காதது’ என்று பெருமையாக விற்கும் செக்கு எண்ணெயில் இந்தப் படிகள் இல்லை. நஞ்சையும் நீக்கவில்லை என்பதே அதன் பொருள். சுத்திகரித்த எண்ணெய் மேல் என்று இதற்கு அர்த்தம் கொள்ள வேண்டாம். அதில் மணமும் வைட்டமின் ஈ-யில் ஒரு பகுதியும் போய்விடுகின்றன. செக்கு எண்ணெய் வாங்குபவர் செக்கு மரச்செக்கா இரும்புச்செக்கா என்று விசாரிப்பதைவிட, உள்ளே போகும் கடலையைப் பார்க்க வேண்டும். நன்றாகக் காய்ந்ததா? சுருங்கல், சொத்தை, பூசணம் பிடித்தது, உடைசல் பொறுக்கி எடுக்கப்பட்டதா? எண்ணெய் தெளிய வைத்து வடிக்கப்பட்டதா? மலிவுக்குக் கழிவுக் கடலை ஆட்டுகிற இடத்தில் எந்த மரம் சுற்றினாலும் ஒன்றுதான். கலோரியில் எந்த எண்ணெய்க்கும் எந்த எண்ணெய்க்கும் வித்தியாசம் இல்லை: கிராமுக்கு 9.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்துப்பு என்பது பாகிஸ்தானின் கேவ்ரா போன்ற சுரங்கங்களில் வெட்டி எடுக்கும் உப்பு. அதன் ரோஸ் நிறம் இரும்புத் துரு. 98 சதவீதம் அளவுக்குச் சோடியம் குளோரைடு, அயோடின் போதாது. 2018-19இல் நாடு முழுக்க எடுத்த அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகளின் விகிதத்தில் தமிழ்நாடு கடைசி வரிசையில் இருந்தது. தூத்துக்குடி உப்பு விளையும் மாநிலத்தில் இது. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் அயோடின் உப்பை ஒதுக்கிவிட்டு இந்துப்பு வைப்பதை நல்ல யோசனை என்று சொல்ல மாட்டேன். சிறுதானியத்திலும் தீட்டல் இருக்கிறது: வரகு, சாமை, தினை, குதிரைவாலி, பனிவரகு ஐந்தையும் தவிடு நீக்கிப் பார்த்த சென்னை நீரிழிவு ஆய்வாளர்கள், நார், புரதம், தாதுக்கள் குறைந்து மாவுச்சத்து கூடுவதைக் காட்டியிருக்கிறார்கள். பளிச்சென்று வெள்ளையாக இருக்கும் சாமையை அரிசியின் தங்கை என்று நினைத்தால் போதும்.

‘ஹெல்த் டிரிங்க்’ என்ற சொல்லுக்கு நம் உணவுச் சட்டத்தில் பொருளே இல்லை என்பது 2024 ஏப்ரலில்தான் ஊருக்குத் தெரிந்தது. போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை அந்தத் தலைப்பிலிருந்து எடுக்கும்படி இணைய வணிகத் தளங்களுக்கு ஒன்றிய வணிக அமைச்சகம் சொன்னது. தலைமுறை தலைமுறையாகத் தாய்மார்கள் நம்பிக் கலக்கிக் கொடுத்த சொல் அது. அதே ஆண்டு ஜூனில் ‘100 சதவீதப் பழச்சாறு’ என்ற வாசகத்தை எடுக்கச் சொல்லி உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. ஆகஸ்டில் ‘ஏ1, ஏ2 பால்’ என்று போடாதீர்கள் என்றது. ஐந்தே நாளில் அந்த உத்தரவை வாபஸ் வாங்கிக்கொண்டது. கண்காணிப்பவர்களின் உறுதி அவ்வளவுதான்.

உடம்புக்கு எது ஒத்துவராது என்பதை நேராகச் சோதித்தவர் அமெரிக்க தேசியச் சுகாதார நிலையத்தில் அப்போது பணிபுரிந்த கெவின் ஹால். 20 பேரை மருத்துவமனையில் தங்கவைத்து, 2 வாரம் ஆலையில் தயாரான பொட்டல உணவும், 2 வாரம் சமைத்த சாதாரண உணவும் கொடுத்தார். பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார் எல்லாம் இரண்டிலும் சமம். விரும்பிய அளவு சாப்பிடலாம். பொட்டல உணவின்போது ஆட்கள் நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி அதிகம் தின்றார்கள், வேகமாகவும் தின்றார்கள். 2 வாரத்தில் ஒரு கிலோ அளவுக்கு எடை ஏறியது. மற்ற 2 வாரத்தில் அதே அளவு இறங்கியது. 2019இல் வெளிவந்த இந்த ஆய்வில் ஆர்கானிக்கா இல்லையா என்ற கேள்வியே எழவில்லை. ஆர்கானிக் சிப்ஸும், ‘மல்டிகிரெயின்’ பிஸ்கட்டும், ராகி குக்கீஸும் இந்தக் கணக்கில் எந்தப் பக்கம் நிற்கும் என்பதைப் பொட்டலத்தைத் திருப்பினால் நீங்களே கண்டுபிடிக்கலாம். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானதுக்கு வரிசையாக எழுத வேண்டும் என்பது சட்டம். முதல் மூன்றில் மைதாவும் சர்க்கரையும் பாமாயிலும் இருந்தால் மேலே எந்தத் தானியத்தின் படம் இருந்தாலும் ஒன்றுதான்.

காசு அளவாக இருந்தால் ஆர்கானிக்குக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தைத் தோலோடு தின்னும் பழத்துக்கும், கீரைக்கும், குழந்தைகளின் காய்கறிக்கும் கொடுங்கள். பிஸ்கட்டுக்கும் இனிப்புக்கும் கொடுக்காதீர்கள். ஆர்கானிக் கட்டுப்படியாகவில்லை என்று காய்கறியைக் குறைப்பவர் இருந்தால் அதுதான் இருப்பதிலேயே பெரிய நஷ்டம். சாதாரணக் கத்தரிக்காயை நன்றாகக் கழுவிச் சமைத்துச் சாப்பிடுவது, ஆர்கானிக் கத்தரிக்காயைப் பார்த்துவிட்டு வருவதைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. பூச்சிமருந்து எச்சம் இல்லாத காய், இரண்டு மடங்கு விலை கொடுப்பவர் மட்டும் வாங்கிக்கொள்ளும் சரக்காக ஏன் இருக்க வேண்டும்? எச்சத்தைப் பரிசோதிக்கும் ஆய்வகங்கள் நம்மிடம் இருக்கின்றன. சந்தை மாதிரிகளை எடுத்துக் கண்காணிக்கும் தேசியத் திட்டமும் ஒன்றிய வேளாண் அமைச்சகத்திடம் இருக்கிறது. 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகள் இன்று தமிழ்நாடு முழுக்க நடக்கின்றன. ஒவ்வொன்றிலும் அன்றைய விலையைப் பலகையில் எழுதி மாட்டுகிறார்கள். அந்தச் சந்தைக் காய்களின் மாதிரியை மாதம் ஒருமுறையாவது சோதித்து, எந்தக் காயில் எந்த மருந்து எவ்வளவு இருந்தது, வரம்பு எவ்வளவு என்பதை அதே பலகையில் விலைக்குப் பக்கத்தில் எழுதி வைக்க வேளாண் துறை உத்தரவிட வேண்டும்.